ஓட்டைக்குடை உங்களை ஆட அழைக்கிறார்

பிப்ரவரி 9

அண்ணா,

உன் போனில் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறாய். செய்தி அனுப்பினாலும் வந்து சேர்வதில்லை. கூப்பிட்டுப் பேசலாமென்றால் உன் காதில் விழாது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

போன வியாழக்கிழமை மருந்துக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் என் வீட்டுக்காரருடைய சீட்டு விளையாட்டைத் திறந்தேன். 'ஓட்டைக்குடை' என்ற அவருடைய பெயர் வரவேண்டிய இடத்தில் "இந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது" என்று வந்தது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். கணக்குக்குரியவர் போன ஜூன் மாதமே இறந்துவிட்டார், அவர் பெயரில் வேறு யாரோ ஆடுகிறார்கள் என்று ஆதாரத்தோடு புகார் வந்ததாம். ஒருவருடைய கணக்கை இன்னொருவர் பயன்படுத்தக்கூடாது என்பது விதியாம்.

அந்த ஆதாரத்தின் நகலை எனக்கும் அனுப்பினார்கள். அவர் இறந்ததற்குப் பேப்பரில் நாங்கள் போட்ட அறிவிப்பு. தேதிக்குக் கீழே சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, அடிக்கோடு. நம் குடும்பத்தில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுகிறவர் ஒருவர்தான்.

ஏழு வருடம் அவர் சேர்த்த ஆயிரத்து நானூறு சீட்டுகள் அதில் இருந்தன. அதுகூடப் போகட்டும். அந்தப் பெயர் போய்விட்டது.

அந்த 'யாரோ' நான்தான் அண்ணா. ஜனவரியில் உன்னை மூன்று முறை ஆட அழைத்தது நான்தான்.

ஏன் இப்படிச் செய்தாய்?

தங்கை

*

பிப்ரவரி 15

தங்கைக்கு,

செய்தது நான்தான். மறைக்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவனுக்கு மறைக்கிற எண்ணம் இருந்திருக்குமா?

என் பக்கத்தையும் கேள். மாப்பிள்ளை போய் ஏழு மாதம் கழித்து ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு, நான் முகம் மழித்துக்கொண்டிருக்கிறேன், மேசை மேல் போன் ஒளிர்கிறது. "ஓட்டைக்குடை உங்களை ஆட அழைக்கிறார்." கத்தி கன்னத்தில் இறங்கிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. செத்தவன் ஆடக் கூப்பிட்டால் மனிதன் என்ன நினைப்பான்? எவனோ திருடன் கணக்கை உடைத்து உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் நினைப்பான். நீ சீட்டாடுவாய் என்று எனக்கு யார் சொன்னது? கேஸ் பில் கட்டவே போனை அடுத்தவரிடம் நீட்டுகிறவள் நீ.

திருடன் என்று நினைத்ததால்தான் அப்படி ஆடினேன். முதல் ஆட்டத்தில் ஆறாவது சுற்றிலேயே உன்னை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் எழுபத்தைந்து நொடி. கடைசியில் திரையின் குறுக்கே திரி எரியும். அது கடைசிப் பொறிவரை எரிய விட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு சீட்டைப் போட்டுவிட்டு, "நன்றாக ஆடினீர்கள்" என்று அழுத்தினேன். பத்துச் சுற்று அப்படி இழுத்தேன். அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். திருடனுக்கு என்ன மரியாதை?

ஆனால் மரியாதையைப் பற்றிப் பேசினால் அதை ஆரம்பித்தது யார் என்பதையும் பேச வேண்டும். முப்பத்தொரு வருடம் தகடு அடிக்கிற பட்டறையில் வேலை பார்த்துக் காதைக் கொடுத்தவன் நான். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எனக்கு வேலை இல்லை. இந்த விளையாட்டில் பேச்சே கிடையாது. வணக்கம், நன்றி, மன்னிக்கவும், ஐயோ, நன்றாக ஆடினீர்கள், ஜாக்கிரதை. இந்த ஆறு வார்த்தைதான், அதுவும் எழுத்தில். எல்லோரும் என்னைப் போலவே செவிடர்கள். அதனால்தான் எனக்குப் பிடித்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எந்தச் சீட்டுக்கு எந்தச் சீட்டு பதில் என்று நோட்டில் கட்டம் போட்டு நானே படித்தேன். அதில் நான் 'இரும்புக்காது'. அந்தப் பெயர் மேல் வரிசையில் இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் மாப்பிள்ளையோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் அடுத்த சுற்றில் நான் ஜெயிக்க வேண்டும். அவருக்குச் சீட்டுக்கட்டிலிருந்து 'பெருவெள்ளம்' என்ற சீட்டு வந்து விழுந்தது. அதிர்ஷ்டம், அவ்வளவுதான். என் பக்கம் இருந்ததெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. அதோடு விட்டாரா? "மன்னிக்கவும்" என்று அழுத்தினார். தோற்கடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது கேலி. பத்து நாள் கழித்து உன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, எனக்குத் தெரியட்டும் என்று வாயை அகலத் திறந்து சொன்னார். "மச்சான், அந்தச் சுத்துல நீங்க நரியைப் போட்டிருக்கணும். வெள்ளம் வரும்னு பயந்து கையிலயே வச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் கோட்டை விட்டீங்க." உன் ஓரகத்திகூடச் சிரித்தாள்.

நான் எழுந்து வந்தது சரிதான். புகார் கொடுத்ததும் சரிதான். விதி விதிதான். உனக்கு வருத்தம் என்றால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் தப்பு என் மேல் இல்லை.

அண்ணன்

*

பிப்ரவரி 22

அண்ணா,

படித்தேன். நீ மாறவே இல்லை. "வருத்தம்தான், ஆனால்" என்று எழுத உன் ஒருவனால்தான் முடியும்.

நான் எப்படி ஆடக் கற்றேன் என்று சொல்கிறேன். அவர் லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடங்களில், மேல் மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, பாகம் வந்து சேரும்வரை ஆடிக்கொண்டிருப்பார். உன்னைப் போல அவரிடமும் ஒரு நோட்டு. உன்னுடையதில் கட்டங்கள் இருக்கும். அவருடையதில் பேச்சு. அவர் போன மூன்றாவது மாதம் கருவிப் பையைத் துடைத்து வைக்கும்போது அது கிடைத்தது.

அதிலிருந்து எழுதுகிறேன். "முதல் நாலு சுற்றில் ஜெயிக்கப் பார்க்காதே, பிழைக்கப் பார்." "எதிராளி கையில் எத்தனை சீட்டு என்று எண்ணு. உன் கையில் இருப்பதைவிட அதுதான் முக்கியம்." "முடிக்க முடிந்தால் அந்தச் சுற்றிலேயே முடி. எலியை உருட்டி விளையாடாதே." "எதிராளி தப்பாக ஆடும்போது நன்றி சொல்லாதே." "நன்றாக ஆடினீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டியவன் தோற்றவன். ஜெயித்தவன் சொன்னால் அது உப்பைத் தேய்ப்பது."

நான்கு மாதம், தினமும் மதியம் அரை மணி நேரம், மாத்திரை அட்டைகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றேன். கம்ப்யூட்டரோடு ஆடி அறுபது முறை தோற்றேன். கடைக்கார அம்மா, "என்னடி, இந்த வயசுல சீட்டாட்டமா?" என்றார். "எங்க அண்ணன்கூட பேசணும்கா, வேற வழி இல்ல" என்றேன். "ஏன், அவரு ஜெயில்ல இருக்காரா?" என்று கேட்டார்.

உன் எண்ணுக்கு எந்த வழியும் இல்லை. ஆனால் அவருடைய நண்பர் பட்டியலில் 'இரும்புக்காது' இருந்தது. அதை நீக்க மறந்துவிட்டாய். என் பெயரில் வந்தால் நீ ஏற்க மாட்டாய். அவர் பெயரில் வந்தேன். அது தப்பு என்றால் தப்புதான். கொஞ்சம் ஆட வந்தால் நான்தான் என்று புரிய வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று நாளும் நீ என்னை எலி மாதிரி உருட்டினாய். அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். இருமல் மருந்து கேட்டு வந்தவர் நானே நோயாளி என்று நினைத்துவிட்டார்.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீ எழுதிய கடிதம்தான் சொல்ல வைக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு வாரம் அவர் உன்னை ஒன்பது முறை ஆட அழைத்தார். மூக்கில் குழாய். ஒரு கையில் ஊசி. மற்ற கையால் போனைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார். ஒவ்வொரு முறையும் "இரும்புக்காது மறுத்துவிட்டார்" என்று வரும். "மச்சானுக்கு ஏதோ வேலை இருக்கும்போல" என்பார். ஒன்பதாவது தடவை அதுகூடச் சொல்லவில்லை. போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார்.

அவர் போன அன்று காலையில் வந்து மதியத்துக்கு முன் கிளம்பிவிட்டாய். அப்போதே கேட்டிருக்க வேண்டும். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை.

தங்கை

*

மார்ச் 11

தங்கைக்கு,

பதில் தாமதம். காரணம் இருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே கம்பெனிக்கு எழுதினேன். ஆடியது அவருடைய மனைவி, என் சொந்தத் தங்கை, புகார் கொடுத்தவன் நான், என் புகார் தவறு, கணக்கைத் திறந்து கொடுங்கள் என்று எழுதினேன். 'தவறு' என்ற சொல்லை எழுத அரை மணி நேரம் ஆயிற்று என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். புகாரைத் திரும்பப் பெறலாம், ஆனால் கணக்குக்குரியவர் இறந்தது உண்மைதானே, இறந்தவருடைய கணக்கை யாருக்கும் மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அதே வரிகள். மூன்றாவதில் எழுத்துப் பிழைகூட மாறவில்லை. இப்போது அவர்களும் விதி விதிதான் என்கிறார்கள். நல்ல விதி.

அந்த ஒன்பது அழைப்பைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். உன் அண்ணி சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்தும் சீட்டாடுகிறவனுக்குப் பெரிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அவர் முதலில் வாயால் மன்னிப்புக் கேட்கட்டும் என்றும் நினைத்தேன். சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான். ஒன்பது தடவையும் சிவப்பு. அழுத்துகிற விரலுக்கு எவ்வளவு வேலை? ஒரு நொடிகூட இல்லை.

உன்னிடமிருந்து ஒன்றைப் பறித்தவன் அதே மாதிரி ஒன்றை இழக்க வேண்டும். அதுதான் நியாயம். நேற்றுக் காலை என் கணக்கை அழிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பதினாலு நாள் பொறுத்திருப்பார்கள். இருபத்து நாலாம் தேதி 'இரும்புக்காது' இருக்காது. ஆறு வருட உழைப்பு. மேல் வரிசை, எல்லாம் போகட்டும்.

நீ கேட்கவில்லை என்பது தெரியும். நானாகத்தான் செய்கிறேன். சமம் ஆகிவிடும்.

அண்ணன்

*

மார்ச் 16
விரைவுத் தபால்

அண்ணா,

என்ன காரியம் செய்கிறாய்? யார் உன்னிடம் சமம் கேட்டது?

உன் கணக்கில் நண்பர்களோடு ஆடிய ஆட்டங்கள் எல்லாம் சேமிப்பில் இருக்கும். திறந்து பார்த்தால் இரண்டு பேர் கையும் தெரியும்படி மறுபடி ஓடும். அவருடைய நோட்டில் எழுதியிருக்கிறார். "மச்சானோடு ஆடியதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்." அவர் கணக்கில் இருந்தவற்றை ஒருநாள் பொறுமையாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். அது போயிற்று. இப்போது அவர் ஆடியது உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் கை அசைவது வேறு எங்கும் இல்லை. எங்களிடம் ஒரு வீடியோகூடக் கிடையாது. கல்யாணக் கேசட்டில் பூஞ்சை.

அதையும் அழித்துவிட்டு எனக்குச் சமம் செய்வாயா? உன் தியாகம் கூட உன் கோபம் மாதிரிதான். அடுத்தவரைக் கேட்பதே இல்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன். "நான் சொல்லி உங்க அண்ணன் கேட்டுட்டாலும்…" என்றார். எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

நிறுத்து. உடனே நிறுத்து. மற்றதைப் பிறகு பேசலாம்.

தங்கை

*

மார்ச் 22

தங்கைக்கு,

நிறுத்திவிட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொள். எல்லா ஆட்டமும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். மாப்பிள்ளையோடு ஆடியது நாற்பத்து மூன்று.

உன் அண்ணி துண்டுக் காகிதத்தில் "தங்கச்சி போன். கணக்கை மூடக் கூடாதாம்" என்று எழுதிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அதைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அவளும் விடவில்லை, பின்பக்கத்திலும் அதையே எழுதியிருந்தாள். ஆனாலும் அசையவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் நிறுத்தினேன். என் குணம் உனக்குத் தெரியும்.

பிறகு ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்தேன். அந்தக் கடைசி ஆட்டம். அவர் கையில் இருந்த சீட்டுகள் இப்போது எனக்குத் தெரிகின்றன. பெருவெள்ளம் அந்தச் சுற்றில் வந்து விழவில்லை. நாலாவது சுற்றிலிருந்தே அவரிடம் இருந்தது. நான் கையிலிருந்ததையெல்லாம் இறக்கும்வரை காத்திருந்தார். அதிர்ஷ்டம் இல்லை, ஆட்டம். போட வேண்டிய நேரத்தில் அந்தச் சீட்டைத் தூக்கினார், திரும்ப வைத்தார். மறுபடி தூக்கினார், வைத்தார். திரி எரிந்து முடிகிற நேரத்தில்தான் போட்டார். போடுவதற்கு முன்னால் அழுத்தினார் "மன்னிக்கவும்" என்று. ஜெயித்த பிறகு அழுத்தியதாக இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால்தான் அழுத்தியிருக்கிறார். எனக்கு விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனமில்லை, என்னை அடிக்கவும் மனமில்லை. விட்டுக்கொடுத்திருந்தால்தான் அது அவமானம். அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

இனி எழுதுவதை நிதானமாகப் படி.

முதல் கடிதத்தில் திருடன் என்று நினைத்தேன் என்று எழுதினேன். முதல் ஆட்டத்தில் அது உண்மை. இரண்டாவதில் பாதி உண்மை. மூன்றாவதில் இல்லை.

நீ ஒவ்வொரு ஆட்டத்திலும் "வணக்கம்" என்று அழுத்திவிட்டு, நான் பதில் அழுத்தும்வரை சீட்டைத் தொடவில்லை. முதல் இரண்டு தடவையும் புதிதாகக் கற்பவன் தடுமாறுகிறான் என்று விட்டேன். மூன்றாவது தடவை வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். திரி எரிந்தது. உன் சுற்று வீணாகிப் போயிற்று. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதையும் வீணாக்கினாய். பிறகு நான் "வணக்கம்" என்று அழுத்தினேன். உடனே சீட்டைப் போட்டாய்.

எந்தத் திருடனும் பதில் வணக்கத்துக்காக இரண்டு சுற்றை இழக்க மாட்டான். காது போன நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவார்கள். நீ ஒருத்திதான் முன்னால் வந்து நின்று, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை வாயைத் திறக்க மாட்டாய். அடுப்பில் பால் பொங்கினாலும் நிற்பாய். ஆட்டத்திலும் நின்றாய்.

உன்னைத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் அந்த ஆட்டத்தை இன்னும் நாலு சுற்று இழுத்தேன். தெரிந்தே மறுநாள் காலை அறிவிப்பு வந்த அந்தப் பழைய பேப்பரை எடுத்து, ஸ்கேலை எடுத்து, கோடு போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். நீ வந்தால் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்பாய் என்று தெரியும். ஒன்பது சிவப்புப் பொத்தானுக்கு என்னிடம் பதில் இல்லை. நீ கேட்பதற்கு முன்னால் கதவைச் சாத்திவிட நினைத்தேன். அது உன் கதவு என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் சாத்தியிருப்பேன் என்றுதான் பயம்.

வேறு யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. உன் அண்ணிக்கும் தெரியாது. மன்னித்துவிடு என்று எழுதினால் அதுவும் ஒரு பொத்தான் மாதிரி இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

போனைத் தபாலில் அனுப்ப மாட்டேன், உடைந்துவிடும். நீ சொன்னால் எடுத்துக்கொண்டு வருகிறேன். வர வேண்டாம் என்றால் அண்ணியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அண்ணன்

*

மார்ச் 29

அண்ணா,

ஐந்து நாள் உன் கடிதத்தைக் கடை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கடைக்கார அம்மா, "ஜெயில்லேர்ந்து வந்துருச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

திருடன் என்று நினைத்ததாக நீ எழுதியபோது எனக்கு லேசாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உன்னை மன்னித்துவிடலாம் என்று பாதி தூரம் வந்திருந்தேன். நீ அதையும் எடுத்துவிட்டாய். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று நான்கு நாள் உன்னைத் திட்டினேன். ஐந்தாம் நாள் திட்டு வரவில்லை. அவ்வளவுதான். வேறு மாற்றம் எதையும் எதிர்பார்க்காதே.

போனை அண்ணியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நீயே கொண்டு வா.

ஆனால் ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்தான் பார்ப்பேன், இரண்டாவதைத் திறக்க விட மாட்டேன். சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்ததும் நீ பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்தச் சீட்டை ஏன் போட்டார் என்று எனக்குச் சொல்ல வேண்டும். நீ எங்கே கோட்டை விட்டாய் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் போன அன்று இந்த வீட்டில் மூன்று மணி நேரம் உன்னால் உட்கார முடியவில்லை. இப்போது நாற்பத்து மூன்று நாள் உட்கார வேண்டும். நடுவில் எழுந்து போனால் அதோடு சரி.

மன்னிப்பதா வேண்டாமா என்று எனக்கு இப்போது தெரியாது. கடைசி ஆட்டத்தைப் பார்த்த பிறகும் தெரியாமல் இருக்கலாம். அதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

உன் பிரஷர் மாத்திரையை நாற்பத்து மூன்று நாளைக்கும் எண்ணி எடுத்துக்கொண்டு வா. தங்கச்சி கடைதானே, அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று சும்மா வந்து நிற்காதே. சீட்டு இல்லாமல் தர மாட்டோம், டாக்டர் எழுதிய சீட்டு.

தங்கை